வலப்பக்கத்து ஜன்னல்

அந்தக் காரை நான் ஊருக்குக் கொண்டுவந்திருக்கவே கூடாது என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். வந்த புதிதில் இதே ஆட்கள்தான் பேரப்பிள்ளைகளை அதன்மேல் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஊர் வாய்க்கு என்ன, எப்படி வேண்டுமானாலும் பேசும்.

வளைகுடாவில் ஒரு கார்ப் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். முதலாளியிடம் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே இருக்கை, தரையோடு தரையாக ஒட்டிய உடம்பு, வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது. அதன் எஞ்சினைப் பிரித்து மாட்டியதெல்லாம் நான்தான். அவருக்குத் தள்ளாமை வந்து ஓட்ட முடியாமல் போனபோது எனக்கே கொடுத்துவிட்டார். நான் ஊர் திரும்பிய சமயம், இத்தனை வயது கடந்த பழைய கார் என்றால் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாம் என்று விதி தளர்ந்திருந்தது. தளர்ந்தது என்று பெயர்தான். மாதக்கணக்கில் அது சென்னைத் துறைமுகத்தில் உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு நின்றது. நான் ஆபீஸ் ஆபீஸாக நாய் படாத பாடு பட்டேன். “ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கே சார்?” என்று கேட்காத ஆள் இல்லை. அந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகப் போகும், அதனால் அப்படி என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. கடைசியில் சிக்னல் விளக்குகளைச் சோதித்து, பின்னால் ‘இடப்பக்க ஸ்டீயரிங்’ என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிவிட்டு வண்டியை விட்டார்கள்.

எங்கள் ஊர் குத்தாலத்துக்குப் பக்கம். வயலும் வாய்க்காலும் போனால் போகிறதென்று விட்ட இடத்தில்தான் அங்கே சாலை. சிக்னல் விளக்கை யாரும் நம்புவதில்லை. முன்னால் போகிற வண்டியின் வலது ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, விரல்கள் முன்பக்கமாக ஆடினால், ‘எதிரே ஒன்றும் இல்லை, நீ போ’ என்று அர்த்தம். உள்ளங்கை தெரிந்தால் ‘இரு’. லாரி, டிராக்டர், மோட்டார் பைக் எல்லாமே அந்தக் கையை நம்பித்தான் முந்தும். என் காரில் அந்த ஜன்னல் என் மனைவியுடையது.

அவளுக்கு அதில் ஒரே கொண்டாட்டம். டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டீயரிங் இல்லாமல் அவள் கைகட்டி உட்கார்ந்திருப்பாள். டீக்கடைக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். “என்னக்கா, கையைக் கட்டிக்கிட்டே கார் ஓட்டுறீங்க?” என்று ஒருத்தி கேட்டதற்கு, “இதுல என்ன இருக்கு, வீட்டையே அப்படித்தானே ஓட்டுறேன்” என்றாள். நான் அவளோடு சேர்ந்து வாழ்ந்ததெல்லாம் விடுமுறை மாதங்களில்தான். அவள் இவ்வளவு சிரிப்பாள் என்பது எனக்கு அந்தக் காரில்தான் தெரிந்தது.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒன்று. திருவாரூரில் உறவுக்காரப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். ராகு காலத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், எங்கேயும் நிறுத்தாதீர்கள் என்று மனைவி சொல்லிவிட்டாள். கட்டிவந்த புளிச்சோற்றை எனக்கு ஸ்பூனில் ஊட்டிவிட்டு, அவள் கையால் பிசைந்து சாப்பிட்டாள். வெகுநேரமாக எங்களுக்குப் பின்னால் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. ஹெல்மெட் போட்ட ஓர் இளைஞன். நான் மெதுவாகத்தான் போனேன். அவன் ஒரு தடவைகூட ஹார்ன் அடிக்கவில்லை. கண்ணாடியில் அவனைப் பார்த்து, பரவாயில்லையே, பொறுமைசாலி என்று நினைத்தேன்.

வாய்க்கால் ஓரத்தில் மூங்கில் புதர் மறைக்கிற ஒரு வளைவு. மனைவி சாப்பிட்டு முடித்து, பாட்டில் தண்ணீரை ஊற்றி ஜன்னலுக்கு வெளியே கையைக் கழுவினாள். பிறகு கையை உதறினாள். எல்லோரும் உதறுவதுபோலத்தான், இரண்டு மூன்று தடவை, முன்பக்கமாக. பைக் எங்களை ஒட்டி வலப்பக்கமாக ஏறி முன்னால் போனது. எதிரே பஸ் வந்தது.

அதற்குமேல் என்னால் எழுத முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவன் இறந்துவிட்டான்.

எங்கள் காரில் ஒரு கீறல்கூட இல்லை. அதையே போலீஸ்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். பஸ் டிரைவர், “வளைவுல கண்ணு மண்ணு தெரியாம ஏறி வந்துட்டான் சார்” என்றார். கூடி நின்றவர்கள் இந்தக் காலத்துப் பையன்களைத் திட்டினார்கள். நடவு வயலிலிருந்து கரையேறி வந்த ஓர் அம்மாள் மட்டும், “காருக்காரரு கை காட்டுனாருங்க, அந்தத் தம்பி போச்சு” என்றாள். போலீஸ்காரர் என்னையும் ஸ்டீயரிங்கையும் பார்த்தார். “இவரு இந்தப் பக்கம் உக்காந்து ஓட்டுறாரு. அந்தப் பக்கம் எப்படிம்மா கை காட்டுவாரு?” என்று அவளை அனுப்பிவிட்டார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் இன்னும் புளிச்சோற்றின் மஞ்சள் இருந்தது.

“அது என் கை சார்” என்றாள்.

“அம்மா, நீங்க வண்டியே ஓட்டலையே. அதிர்ச்சியில பேசுறாங்க, தண்ணி குடுங்க” என்றார் அவர். சட்டத்துக்கு அத்தோடு முடிந்தது.

அன்றிலிருந்து அவள் கையால் சாப்பிடவில்லை. ஸ்பூனால் இரண்டு வாய், அவ்வளவுதான். பேசும்போது ஆடுகிற கை மடியிலேயே கிடந்தது. கார் சாவியை நான் எங்கோ தூக்கிப் போட்டேன். காரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சாவியை எறிந்தால் அவள் சாப்பிட்டுவிடுவாளா? அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்தப் பையனின் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும்.

“சொல்லி என்ன ஆகப்போவுது? செத்தவன் எழுந்து வரப்போறானா?” என்று கத்தினேன்.

“அவன ஊரே அவசரக்காரன்னு சொல்லுதுங்க. நம்ம பின்னாடி எவ்வளவு நேரம் பொறுமையா வந்தான்? நீங்களும்தான பாத்தீங்க?”

அவனுடைய காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் பஸ் ஏறிப் போனோம். திருவாரூரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே ஒரு தெருவில் சின்ன ஓட்டு வீடு. அவன் எலக்ட்ரீஷியனாம். வீட்டில் அவன் மனைவி மட்டும் இருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நாங்கள் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள்.

“உக்காருங்க ஐயா. நல்ல காரியத்துக்குப் போன உங்களுக்கும் சங்கடத்த உண்டாக்கிட்டாரு. மனசுல வச்சுக்காதீங்கம்மா” என்றாள். எனக்கு அப்போதே எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது.

என் மனைவி உட்காரவில்லை. கார் எப்படிப்பட்டது, தான் எந்தப் பக்கம் இருந்தாள், சாப்பிட்டது, கழுவியது எல்லாவற்றையும் சொன்னாள். கையை எப்படி உதறினாள் என்பதையும் செய்தே காட்டினாள். “தம்பி அவசரப்படலம்மா. போன்னு நான் சொன்னதா நெனச்சுத்தான் போச்சு. தப்பு என்னோடது” என்றாள்.

அந்தப் பெண் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நான் காத்திருந்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“முன்னாடி போற டிரைவர் கை காட்டினாத்தான் முந்தணும்னு நாந்தாம்மா அவருகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்” என்றாள். “என் பேச்சக் கேக்காம போயிட்டாருன்னு இத்தன நாளா கோவத்துல அவரு படத்துக்கு ஒரு பூகூட வைக்கல. கேட்டுத்தான் போயிருக்காரு.”

என் மனைவி அவள் தோளைத் தொடப் போனாள். அவள் விலகிச் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

“அந்தக் கோவத்தப் புடிச்சுக்கிட்டுத்தாம்மா காலையில எந்திரிச்சேன், உலை வச்சேன். இனிமே நான் யாரு மேல கோவப்படுறது?”

எங்கள்மேல் கோபப்படு தாயே என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் அவள் அதை எங்களைப் பார்த்துக் கேட்கவில்லை.