குலுக்கிக் குடித்த ஒயின்

எனக்கு எண்பத்து மூன்று வயது. வளர்த்தது ஏழு பேர். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனது. ஏழு பேரும் தலைநிமிர்ந்துதான் இருக்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இருக்காது.

இந்திச் சண்டை நடந்த வருஷம் எனக்கு இரண்டாவது பிரசவம். கோட்டை மலைப் பாறையெல்லாம் காய்ந்து, சாயங்காலத்திலும் செஞ்சியில் அனல் வீசிய மாதம். குழந்தை நன்றாக இருந்தான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு, எதை வைத்தாலும் வாயில் மண். வளையல் முழங்கை வரை ஏறியது. பால் குறைந்துகொண்டே வந்தது. குழந்தை பசியில் அழும்போது மாமியார் என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் பிராந்தியோ ஒயினோ குடுங்க, பசி எடுக்கும்" என்றாள். பிள்ளை பெற்றவளுக்கு அப்படிக் கொடுப்பது அப்போது வழக்கம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கூடாது. மாமனார் சாராயத்தில் போனவர். அவர் போன அன்றே, இந்த வாசலுக்குள் பாட்டில் நுழையக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார்.

மருத்துவச்சிக்கு அவர் மூன்று நாள் பதில் சொல்லவில்லை. நான்காம் நாள், மல்லாட்டை மூட்டை, அதுதான் வேர்க்கடலை, ஏற்றிய லாரியைப் பாண்டிச்சேரிக்கு ஓட்டிப்போகக் கிளம்பிய என் வீட்டுக்காரரிடம், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மருந்துக்குன்னு கேட்டு வாங்கியாடா. ஒண்ணே ஒண்ணு."

நம் பக்கம் அப்போது மதுவிலக்கு. காலிச் சாக்குகளுக்கு நடுவில் சுருட்டி வைத்துக் கொண்டுவந்தார். கனமான பச்சை பாட்டில், கழுத்தைச் சுற்றிக் கம்பி.

"பிராந்தி நமக்கு எட்டாதும்மா. இது லேபிள் நனஞ்சி கிழிஞ்சிபோச்சின்னு கம்மி வெலைக்குக் குடுத்தான். வெள்ளக்காரன் கல்யாணத்துல குடிக்கிற ஒயினாம்."

அவர் கம்பியைப் பிரித்ததுதான் தாமதம், மாமியார் பாட்டிலைப் பிடுங்கினார். "மருந்தக் குலுக்காம குடுப்பியாடா?" ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொல்லி அனுப்புவார். பாட்டில் மருந்து என்றால் எங்களுக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான். இரண்டு கையாலும் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

டமார்! கார்க் கூரை ஓட்டில் அடித்து எங்கோ போனது. மாமியார் முகமெல்லாம் நுரை, புடவையெல்லாம் ஈரம்.

"இன்னாக்கா, வெடியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லடி, கோலி சோடா!" என்றார், பொய்யே பேசாத என் மாமியார்.

பாதி மிஞ்சியது. டம்ளரில் ஊற்றினால் அதுவும் பொங்கியது. மாமியார் முகம் மாறியது. "புளிச்ச கூழு கூட இப்டிப் பொங்காதேடா. கெட்டுப்போனத வாங்கியாந்துட்டியா?"

"இது இப்டித்தான் இருக்குமாம், எம்மா."

நான் கையை நீட்டினேன். தட்டிவிட்டார். "இரு. பால் குடுக்கிறவ நீ. மொதல்ல நான் குடிக்கிறேன். ஆவறது எனக்கு ஆவட்டும்."

சாராயத்துக்குத் தாலியைக் கொடுத்தவர், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு வாய் விழுங்கினார். தும்மினார். இன்னொரு வாய் குடித்தார்.

"இன்னாடி இது, மூக்குல எறும்பு ஊருது!" என்று சிரித்தார். நான் மருமகளாக வந்து ஐந்து வருஷத்தில் அவருடைய பல்லை அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு அரை டம்ளர் கொடுத்தார். பச்சைத் திராட்சையின் புளிப்பு, அடியில் லேசாக இனிப்பு, நாக்கெல்லாம் சின்னச் சின்னக் குத்தல். அந்தக் குழந்தை பெரியவனாகி, வெளிநாட்டிலிருந்து தங்கத் தாள் சுற்றிய பாட்டில் கொண்டுவந்தான். குடித்துப் பார்த்தேன். அந்த லேபிள் கிழிந்த பாட்டிலுக்கு முன்னால் இது நிற்காது.

கொஞ்ச நேரம் போனது. "அத்த, சோறு இருக்குதா?" என்று கேட்டேன்.

அவர் அடுப்படிக்கு ஓடினார். தட்டு நிறையப் போட்டுவந்து, பிசைந்து, தன் கையாலேயே எனக்கு ஊட்டினார். கடைசி உருண்டை இறங்கிய பிறகு மகனிடம் திரும்பினார்.

"பாண்டிக்கு அடுத்த லோடு எப்படா?"

"ஆயா குடிச்சதையெல்லாம் எழுதாதம்மா" என்கிறார்கள் என் பெண்கள். எனக்காகக் குடித்தவர் என் மாமியார். எழுதாமல் எப்படி?

எழுதி முடித்த நோட்டைப் பேத்தியிடம் நீட்டினேன். "இந்தா கண்ணு, மொதல்லருந்து படிச்சிக் காட்டு. அவங்க குடிச்ச எடம் வந்தா முணுமுணுக்காத, சத்தமாப் படி."