பஸ்ஸில் போன ஐஸ் பெட்டி

என் சிறுகுடலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று ஒன்று வந்தது. அந்தப் பெயரைச் சொல்லிப் பழகவே எனக்கு நாளாயிற்று. இந்தக் கட்டி உள்ளவர்களின் குடல் பாக்டீரியா மற்றவர்களுடையதுபோல் இருப்பதில்லையாம். ஆராய்ச்சிக்கு என் மலம் வேண்டும் என்றார் டாக்டர். டப்பாவில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கொல்லிமலை மேலிருக்கும் எங்கள் வாழவந்தி நாட்டிலிருந்து சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

கொல்லிமலையிலிருந்து எவனும் வெறுங்கையோடு இறங்குவதில்லை. தேனோ பலாவோ மிளகோ மடியில் இருக்கும். பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால் கொஞ்சம் கொடுப்பதுதான் மரியாதை. என் பக்கத்தில் இருந்த அம்மாவும் கேட்டார்.

"ஏனுங்க, பொட்டியில தேனுங்களா?"

"இல்லீங்க, என் பீயிங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "குடுக்க மனசில்லீன்னா உட்ருங்க. அதுக்குன்னு இப்படியாங்க பேசறது?"

பின்சீட்டு வரைக்கும் சேதி போனது. மூடியைத் திறந்து காட்டிவிடலாமா என்றுகூட ஆத்திரம் வந்தது. ஐஸ் உருகிவிடுமே என்று அடக்கிக்கொண்டேன். மலையடிவாரத்துக் காரவள்ளி வரும்வரை ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாக்டீரியா கெட்டதால் கட்டி வந்ததா, கட்டி வந்ததால் பாக்டீரியா கெட்டதா என்று சேலத்தில் டாக்டரிடம் கேட்டேன். இன்னும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றார். பஸ்ஸில் மட்டும் எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது, நான் ஒரு கஞ்சப் பிசினாறி என்று.