முழுப் பெயர் கேட்கப் போனேன்

பல ஊர் சுற்றிவிட்டுப் புதுச்சேரியில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருஷம், கடனுக்கு வாங்கிய சரக்கெல்லாம் ஐப்பசி மழையில் புழுத்துப்போனது. கடனைக் கட்ட முடியாது என்று கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு, வேறு ஊருக்குப் போய்விட நினைத்தேன். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை. மனுவை நானே எழுதினேன். கடன் கொடுத்தவர்களின் முழு விவரமும் வேண்டியிருந்தது. சரக்குக் கொடுத்த அஞ்சலையக்காவின் புருஷன் பெயர் தெரியவில்லை. நேரே வைத்திக்குப்பத்துக்குப் போய் அவளிடமே கேட்டேன்.

"எதுக்குடா?" என்றாள். மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் கருவாடு காயப்போட்ட பெண்கள் சிரித்தார்கள். "நாமம் போடறதுக்கு அவகிட்டயே பேரு கேக்கறான் பாரு!"

அக்கா சிரிக்கவில்லை. "புருஷன் பேர நான் வாயால சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்கடி. ஒம் மனு அப்படியே கெடக்கட்டும். இந்தக் கூடைய எடுத்துக்கினு போயி உழவர்கரையில வித்துட்டு வா. கொஞ்சம் கொஞ்சமா அடைக்கலாம்."

"இதையும் வித்துட்டு நான் ஓடிட்டா?"

"ஓடறவன் பேரு கேட்டுக்கினு வருவானாடா?"

கூடையைத் தூக்கிக்கொண்டேன். கடன் அடைய வெகுகாலம் ஆனது. அந்த மனுவை நான் எழுதி முடிக்கவே இல்லை. வேறு ஊருக்கும் போகவில்லை.