தோய்க்காமல் வைத்த துணிகள்

காய்ந்த ரத்தம் துணியை விட்டுப் போகாது. பிரசவ அறையில் நான் முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான். சுடுதண்ணீரில் போட்டால் கறை இன்னும் இறுகிவிடும். பச்சைத் தண்ணீரில், ஈரம் காய்வதற்கு முன்னமே அலசிவிட வேண்டும். சவர்க்காரம் கண்ணிலேயே காணாத காலம் அது. சாம்பலையும் பிழிந்த தேசிக்காய்க் கோதையும் போட்டுக் கசக்குவேன்.

ஊர்களெல்லாம் இடம்பெயர்ந்து காட்டோரங்களில் கிடந்த வருடங்கள் அவை. எங்கள் ஆஸ்பத்திரியும் இடம்பெயர்ந்து ஒரு பழைய நெற்களஞ்சியத்துக்குள் வந்திருந்தது. அதன் ஒரு மூலையைத் தறப்பாளால் மறைத்து, அதைத்தான் லேபர் றூம் என்றோம். நான் அங்கே அற்றென்டன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு வாளியும் தும்புத்தடியும் தந்தார்கள். பஞ்சு இல்லை, பட்டித்துணி இல்லை. பிள்ளை பெற வருகிறவர்கள் வீட்டிலிருந்து பழைய சேலை, சாரம் கொண்டுவருவார்கள். அதைக் கிழித்து மடித்து வைப்பது, நனைந்ததை எடுப்பது, தோய்த்துக் காயப்போட்டு மறுபடி மடிப்பது, எல்லாம் என் வேலை.

நான் பயந்த சுபாவம். துணி முடிந்துவிடுமோ, தண்ணீர் முடிந்துவிடுமோ, குண்டு போடுகிற கிபிர் விமானம் வந்துவிடுமோ என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே இருப்பேன். அதனால் ஒரு துணி நனைந்தால் அடுத்த நிமிடமே அதை உருவி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிவிடுவேன். எங்கள் மிஸ்ஸிக்கு அது நல்ல பிடிப்பு. தாதிமாரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். எங்களுடையவர் ஓய்வு பெறவேண்டிய வயதிலும் வேலை செய்தவர், வாயும் கொஞ்சம் நீளம்.

"உன்ர கை பட்டா இந்த நெல்லுக் கொட்டில் கோயில் மாதிரி இருக்கும்" என்பார். "வெளியில நிக்கிற தாய்மார் ரத்தத்தைக் கண்டா ஊரைக் கூட்டிப்போடுவினம். கெதியா எடு, கெதியா."

ஒரு வைகாசி மாதம். காலையில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது. முதற்பிள்ளை, நல்ல ஆரோக்கியமாக அழுதது. தாயின் கீழே வைத்த துணியை மாற்றினேன். மறுபடி மாற்றினேன். நாலாவது தடவை எடுத்துக்கொண்டு போகும்போது கை கனத்தது. வெள்ளைத் துணி ஒன்றை மடித்து வைத்துவிட்டு நான் கிணற்றடியில் நின்றேன். திரும்பி வந்தபோது அவளுடைய உதடு அந்த வெள்ளைத் துணியின் நிறத்தில் இருந்தது.

டொக்டரை ஓடிப்போய்க் கூட்டிவந்தார்கள். எங்கள் டொக்டர் சின்ன வயது. என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். அந்தப் பகுதிக்கே வயிறு கீறிப் பிள்ளை எடுக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"எவ்வளவு ரத்தம் போனது, மிஸ்ஸி?"

மிஸ்ஸி குனிந்து பார்த்தார். நான் புதிதாக வைத்த துணியில் ஒரு கையளவு நனைந்திருந்தது. "வழமையானதுதான் டொக்டர். கூட ஒண்டும் இல்லை."

நான் வாளியோடு பக்கத்தில் நின்றேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் படவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு முன் அவள் போய்விட்டாள். டொக்டர் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, "கொஞ்ச ரத்தம்தானே, கொஞ்ச ரத்தம்தானே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அவளுடைய தாய் வந்தார். கொண்டுவந்த சேலைத்துண்டுகளைத் திருப்பிக் கேட்டார், நீலப்பூப் போட்ட சேலை. மடித்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு, "ஒரு பொட்டுக் கறை இல்லாமத் தோய்ச்சுத் தந்திருக்கிறாய். நல்லா இரு பிள்ளை" என்று என் தலையைத் தொட்டார்.

அன்றிலிருந்து தலையில் அவர் தொட்ட இடம் எனக்குக் கனத்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

அதே நேரம் என் தங்கச்சிக்கு எட்டாம் மாதம். அக்கராயனில் வயலோடு இருந்தாள். தாய் தகப்பன் போன பிறகு எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். முதற்பிள்ளைக்கே அவளுக்கு ரத்தம் நிறையப் போய், மூன்று மாதம் எழும்பி நடக்க மாட்டாமல் கிடந்தவள். டொக்டர் அவளுடைய கிளினிக் கொப்பியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். "இந்தப் பிள்ளையை வீட்டில வைச்சிருக்க வேண்டாம், அக்கா. நோவுக்கு முன்னமே இங்க கொண்டாங்கோ. நான் நிக்கவேணும்" என்றிருந்தார்.

அந்தக் கடைசி வசனத்தைத்தான் நான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் நிக்கவேணும்.

ஆனி பிறந்து ஒரு கிழமையில் டொக்டருக்குக் கடிதம் வந்தது. வவுனியாவில், பிரசவம் பார்க்கிற டொக்டர்மாருக்கு இரண்டு நாள் வகுப்பு. கொழும்பிலிருந்து பெரிய டொக்டர்மார் வந்து புதிதாக வந்த முறைகளைச் சொல்லிக்கொடுப்பார்களாம். ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து போக அவருக்குப் பாஸும் கிடைத்துவிட்டது.

"படிச்சு முடிச்ச டொக்டருக்கு இன்னும் என்ன படிப்பு?" என்று மிஸ்ஸியிடம் கேட்டேன்.

"நீ ஒருக்கா அரிவரி படிச்சாப் போல போதுமெண்டு விட்டிட்டாய். அவையளுக்கு அப்பிடி ஏலாது" என்றார் மிஸ்ஸி. "போன மாசம் செத்தவளை நினைச்சு நித்திரை இல்லாமத் திரியிற பெடியன். போய்ப் படிச்சிட்டு வரட்டும்."

புறப்படுகிற அன்று காலை டொக்டரின் சைக்கிள் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "டொக்டர், எப்ப திரும்பி வருவியள்?"

"சனிக்கிழமை, அக்கா. தங்கச்சிக்கு இன்னும் மூண்டு கிழமை கிடக்குதானே."

"பாதையைப் பூட்டினா?"

"பூட்டினா நடந்து வாறன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நடந்து வர முடியாத பாதை அது.

அவர் போன மறுநாளே தங்கச்சியை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த என் கொட்டிலுக்குக் கூட்டிவந்தேன். அவளுடைய புருசனும் வந்தான். அவள் முகம் ஊதியிருந்தது. நான் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்து உள்பக்கம் சிவப்பாக இருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்தேன்.

"என்னக்கா, சந்தையில ஆடு பாக்கிற மாதிரிப் பாக்கிறாய்" என்று என் கையைத் தட்டிவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. டொக்டர் வரவில்லை. தெற்குப் பக்கம் காலையிலிருந்து ஷெல் சத்தம் கேட்டது. பாதை பூட்டு என்றார்கள், இல்லைத் திறந்திருக்கிறது என்றார்கள். ஞாயிறு மத்தியானம் இரண்டு தடவை கிபிர் சுற்றியது. தங்கச்சியைப் பங்கர்க் குழிக்குள் இறக்க, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே இருந்துவிட்டாள். நான் கத்திவிட்டேன்.

"நோவே?"

"இல்லையக்கா. பிள்ளை உதைக்குது. நீ கத்தினதில அதுவும் வெருண்டிட்டுது."

பின்னேரம் டொக்டர் வந்து சேர்ந்தார். சேட்டெல்லாம் புழுதி. வழியில் ஒரு ஆமி சோதனை முகாமில் அவரை ஒரு நாள் மறித்து வைத்திருந்தார்களாம். வகுப்பில் எழுதிய கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறார்கள். அதில் கருப்பையும் இரண்டு பக்கக் குழாயும் கீறி, அம்புக்குறி போட்டிருந்திருக்கிறார்.

"குளமும் இரண்டு வாய்க்காலும் போட்ட வரைபடம் எண்டு நினைச்சிட்டாங்கள்" என்றார். "எந்தக் குளம், எந்தக் குளம் எண்டு கேட்டுக்கொண்டே இருந்தாங்கள்."

மிஸ்ஸி விழுந்து விழுந்து சிரித்தார். "எல்லாரும் வந்த குளம்தானே எண்டு சொல்லியிருக்கலாம், டொக்டர்."

கொண்டுவந்த மருந்து ஒன்றையும் இந்தப் பக்கம் விடவில்லையாம். கொப்பியையும் எடுத்துவிட்டார்கள். "பறவாயில்லை, தலைக்குள்ள இருக்கு" என்றார். மண்ணெண்ணெய்க் குளிர்சாதனப் பெட்டிக்குள் ரத்தத்தை நிறுத்துகிற ஊசி இரண்டே இரண்டுதான் இருந்ததை நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். மிஸ்ஸி, மருத்துவிச்சி ஒருவர், நான். எனக்கு ஏன் வகுப்பு என்று வாசலில் நின்றேன். "உள்ள வாங்கோ அக்கா" என்றார். முதல்நாளே என்னிடம் பன்புல்லுப் பாய் பின்னப் போடுகிற சிவப்புச் சாயம் கேட்டிருந்தார். அதைக் கஞ்சித் தண்ணீரில் கரைத்து, வெற்றுச் சேலைன் போத்தலால் அளந்து அளந்து துணிகளில் ஊற்றி, மேசையில் ஆறு குவியலாக வைத்திருந்தார். நல்ல துணிகள் பாழாகிவிட்டனவே என்றுதான் எனக்கு முதலில் வந்தது.

"ஒவ்வொண்டிலையும் எவ்வளவு இருக்கு? பாத்துச் சொல்லுங்கோ."

மிஸ்ஸி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். கால் போத்தல் என்றார், டொக்டர் அரை என்றார். அடுத்ததை அரை என்றார், டொக்டர் ஒன்று என்றார். மருத்துவிச்சியும் அப்படியே குறைத்துக் குறைத்துச் சொன்னார். "வகுப்பில நாங்களும் இப்பிடித்தான்" என்றார் டொக்டர். "கண் எப்பவும் குறைச்சுத்தான் சொல்லும். பெரிய டொக்டர்மாருக்கும் அதுதான். நீங்கள் சொல்லுங்கோ, அக்கா."

எனக்குப் பார்த்துச் சொல்லத் தெரியாது. பிழையாகச் சொன்னால் வேலையால் நிற்பாட்டிவிடுவார்களோ என்று நினைத்தேன். ஒன்றைக் கையில் தூக்கினேன். "அரைப் போத்தல்." அடுத்ததைத் தூக்கினேன். "ஒண்டு. ஒண்டுக்குக் கொஞ்சம் குறைய." ஆறையும் தூக்கிச் சொன்னேன். டொக்டர் தன்னுடைய கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எப்பிடித் தெரியும்?"

"ஒவ்வொரு நாளும் தூக்கிறனான்தானே, டொக்டர். கை சொல்லும்."

மிஸ்ஸி கைதட்டினார். டொக்டர் தட்டவில்லை. அவர் முகம் மெல்ல மாறியது. "வைகாசியில, அந்தப் பிள்ளைக்கு, எத்தினை துணி மாத்தினீங்கள்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நல்லது.

"நாலு."

"கனமே?"

கையில் அந்த நாலாவது துணி மறுபடி வந்து நின்றது. எவ்வளவு என்று என் கைக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. அதைத்தான் நான் ஓடி ஓடி அலசியிருந்தேன். தலையை ஆட்டினேன்.

அவர் மேசையில் இருந்த துணிகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு, "இனி ஒரு துணியும் தோய்க்கக் கூடாது. நான் சொல்லும் வரைக்கும். எல்லாம் பேசினுக்குள்ள, கட்டிலுக்குப் பக்கத்தில. அக்கா தூக்கிப் பாத்துச் சத்தமாச் சொல்லவேணும். ஆள் வெளிறும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கிறேல்லை" என்றார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கச்சிக்கு நோவு வந்தது, நாளுக்கு முன்னமே. பன்னிரண்டரைக்குப் பிள்ளை பிறந்தது, பெண்பிள்ளை. எல்லாரும் பிள்ளையைப் பார்த்தார்கள். நான் துணியைப் பார்த்தேன்.

முதற்துணியை எடுத்தேன். "கால்" என்றேன். பேசினுக்குள் போட்டேன். இரண்டாவது, "அரை." தங்கச்சி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "என்னக்கா கணக்குப் பாடம் நடத்திறாய்" என்றாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உதடு சிவப்பாகவே இருந்தது. மூன்றாவதைத் தூக்கினேன். கையில் அந்தக் கனம். வைகாசியின் கனம்.

"டொக்டர்" என்றேன். அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி கத்தினேன். "டொக்டர், இதில மட்டும் ஒரு போத்தலுக்கு மேல!"

"அவ நல்லாத்தானே இருக்கிறா" என்றார் மிஸ்ஸி.

"துணி சொல்லுது" என்றார் டொக்டர். அதற்கு முன்னமே அவர் கை அவள் வயிற்றை அழுத்தத் தொடங்கிவிட்டது. ஒரு ஊசி போனது. தங்கச்சியின் புருசனை ரத்தம் கொடுக்கக் கூட்டிப்போனார்கள். டொக்டர் கையை முட்டியாக மடக்கி அவள் வயிற்றில் வைத்துத் தன் பாரத்தையே அதில் இறக்கினார். அவள் கத்தினாள். "சொல்லுங்கோ அக்கா" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. அடுத்ததைத் தூக்கி, "ஒண்டரை" என்றேன். இரண்டாவது ஊசியும் போனது. இனி ஊசி இல்லை. மேலே எங்கேயோ கிபிர் இரைந்தது. ஒருவரும் அசையவில்லை. என் கை நனைந்து, முழங்கை வரை வழிந்தது, நான் துடைக்கவில்லை. அடுத்த துணி. "கால்." அதற்கடுத்தது. நான் தூக்கிப் பார்த்தேன், திரும்பவும் தூக்கிப் பார்த்தேன். என் கையை நம்ப எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா?"

"லேசா இருக்கு."

டொக்டர் கையை எடுக்கவில்லை. அப்படியே நின்றார். தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு, "தண்ணி தாங்கோ" என்றாள்.

பின்னேரம் முழுக்க அந்தப் பேசின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இலையான் மொய்த்தது. என் கை துறுதுறுத்தது. ஆனாலும் தொடவில்லை. மறுநாள் காலை டொக்டர் வந்து, "இப்ப கொண்டுபோங்கோ" என்றார். கிணற்றடியில் வைத்துச் சாம்பல் போட்டுக் கசக்கினேன், தேசிக்காய் தேய்த்தேன். கறை போகவில்லை. மண்ணிறமாகத் திட்டுத் திட்டாக அப்படியே நின்றது. அவற்றைக் கொடியில் போட்டுவிட்டு, வெயிலில் காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வைகாசியில் இதே கொடியில் நாலு துண்டு, நீலப்பூப் போட்டவை, பளிச்சென்று காய்ந்தன.

பத்தாம் நாள் தங்கச்சி அக்கராயனுக்குப் புறப்பட்டாள். அவளுடைய துணிகளை மடித்துக் கொடுத்தேன். ஒன்றை விரித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"என்னக்கா இது? உன்னைப் போல தோய்க்க ஆளில்லை எண்டு எல்லாரும் சொல்லுவினம். எனக்கு மட்டும் ஊத்தையாத் தாறாய்?"

பிள்ளையை ஒருமுறை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். லான்ட்மாஸ்டர் இரைந்துகொண்டு நின்றது.