மறுவீட்டுக்கு வந்த குடம்

ராமலட்சுமி தன் கடைக்கு 'மறுவீடு' என்று பெயர் எழுதி மாட்டியபோது அருப்புக்கோட்டையில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் கல்யாண மண்டபம் என்று நினைத்து வாடகை விசாரித்தார்கள். "பொண்ணு மாப்பிள்ளைக்குத்தான மறுவீடு? சட்டி பானைக்குமா?" என்று கேட்டவர்களிடம், "அதுகளும் ஒரு வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்குப் போறதுதான. நல்லபடியாப் போகட்டுமே" என்றாள். அது பழைய பொருட்களை வாங்கி விற்கும் கடை.

ராமலட்சுமி வியாபாரக் குடும்பத்துப் பெண். ஐம்பதைத் தாண்டியவள். கணவர் சின்னத்துரைக்கு மதுரையில் வேலையாக இருந்த காலத்தில், பிள்ளைகளின் சட்டைக்கும் மேசைக்கும் பழைய சாமான் கடைகளைத் தேடி அலைந்தாள். ஒரு கடையில் பொருளை வாங்கினால் வாங்கியவரையே திருடனைப் போலப் பார்த்தார்கள். ஒரு தர்ம நிலையத்தில் கொடுப்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். கொடுத்தவர் கேமராவைப் பார்த்தார், வாங்கியவள் தரையைப் பார்த்தாள். கடைசியில் ஒரு சந்துக்குள், நாலைந்து பெண்கள் சேர்ந்து நடத்திய ஒற்றை அறைக் கடை அகப்பட்டது. போன வருஷத்து யூனிபார்மைக் கொடுத்துவிட்டு அடுத்த அளவை எடுத்துக்கொள்ளலாம். யார் போட்டது என்று யாரும் கேட்பதில்லை. போட்டுப் பார்க்க ஒரு கண்ணாடியும் இருந்தது. ஏழைகளுக்கான கடையில் கண்ணாடி வைக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருந்தது. இந்த ஒன்றுக்காகவே அவள் மதுரையை மன்னித்தாள்.

ஊர் திரும்பியதும் அதே மாதிரி ஒரு கடையைத் தொடங்கினாள். வாடகையும் கரண்டும் போக நிற்பதில் பள்ளிப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைத்துக் கொடுத்தாள். கடைக்கு ஒரே ஒரு விதி: பொருள் யார் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்வதில்லை.

மதுரையைவிட இங்கே அந்த விதி கடினமானது. இந்தப் பக்கத்தில் எந்த விசேஷத்துக்கும் எவர்சில்வர் குடமோ அண்டாவோ முறையாகச் செய்வது வழக்கம். செய்தவர் பேரைப் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாக வெட்டித்தான் கொடுப்பார்கள். வாங்கிய வீட்டில் அது பரணுக்குப் போகும். பயன்படுத்தவும் மனம் வராது, தள்ளிவிடவும் முடியாது. ஒரு பொருளைக் கொடுத்த பிறகும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க மனிதன் கண்டுபிடித்த வழிகளில் பேர் வெட்டுவது மலிவானது.

கடை இருந்தது ஜெகதீஸ்வரன் வீட்டின் கீழ்த்தளத்தில். நூல் வியாபாரி, மனைவி முருகேஸ்வரியோடு மாடியில் குடியிருந்தார். விசேஷங்களுக்குச் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குடங்களை மொத்தமாக வாங்கி, மொத்தமாகப் பேர் வெட்டி அடுக்கி வைத்துக்கொண்டு, பத்திரிகை வரும்போதெல்லாம் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

ஒரு நாள் மோட்டார் போட இறங்கி வந்தவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்திருந்த குருவம்மாள் ஒரு குடத்தைத் தூக்கித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பருத்தி எடுக்கப் போகிறவள். வீட்டில் இருந்த பிளாஸ்டிக் குடம் அடி விரிந்துபோய், தண்ணீர் வரும் நாளெல்லாம் பக்கத்து வீட்டில் இரவல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, அது என் கொடமுல்ல!" என்றார் ஜெகதீஸ்வரன்.

குருவம்மாள் பதறிப்போய்க் குடத்தைக் கீழே வைத்தாள்.

"உங்க பேரு போட்ட கொடம் அண்ணாச்சி" என்று திருத்தினாள் ராமலட்சுமி.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்படி ஒண்ணு? குடுத்தப்புறம் அது வாங்குனவுக கொடம்."

"சட்டம் பேசாத. நான் மொறை செஞ்ச கொடத்தக் கொண்டாந்து பழைய கடையில போட்டது ஆருன்னு சொல்லு."

"அதச் சொல்றதில்ல. ஒருத்தர் பேரச் சொன்னா நாளைக்கு ஒருத்தரும் இந்தப் படி ஏற மாட்டாக."

"அப்படியா? ஞாயித்துக்கெழம நான் கொடம் செஞ்ச வீடு வீடாப் போயி, ஆரு வீட்டுல இல்லன்னு பாக்கேன். அதுலயும் தெரியலன்னா நீ சொல்லணும். சொல்லலன்னா கடையக் காலி பண்ணிரு. அதுவரைக்கும் இந்தக் கொடத்த விக்கக் கூடாது."

அவர் மோட்டார் போட மறந்து மாடியேறிப் போனார். குருவம்மாள், "நான் பெறகு வாரேன்க்கா, எனக்குன்னு எடுத்து வையி" என்று முணுமுணுத்துவிட்டுக் கிளம்பினாள்.

பேரைச் சொல்ல ராமலட்சுமிக்கு ஒரு மூச்சு போதும். அந்தக் குடத்தைத் துணிப்பைக்குள் மறைத்துப் பின்படி வழியாகக் கொண்டுவந்து கொடுத்தவள் முருகேஸ்வரி. ஜெகதீஸ்வரனின் சொந்த மனைவி.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? அவுக வீட்டுப் பஞ்சாயத்து, அவுக பாத்துக்கிடட்டும்" என்றார் சின்னத்துரை.

"இன்னைக்கு அவுக வீடு. நாளைக்கு ஆரு வீடு?"

"கடையே இல்லன்னா நாளை எங்க இருந்து வரும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை.

அண்ணாச்சி குடம் பார்க்க வருகிறார் என்ற செய்தி அவருக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. முதலில் வந்து நின்றவள் பந்தல்குடியில் வாக்கப்பட்ட அவருடைய தங்கை தங்கலட்சுமி. அண்ணன் செய்த குடத்தைப் பாத்திரக் கடையில் போட்டு இட்லிச் சட்டி வாங்கியிருந்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம ஒரு நா மட்டும் குடு. அண்ணன் பாத்துட்டுக் கெளம்புனதும் தந்துருதேன்."

ராமலட்சுமி யோசித்தாள். "விக்கக் கூடாதுன்னுதான் சொன்னாக. இரவல் குடுக்கக் கூடாதுன்னு சொல்லல" என்று எடுத்துக் கொடுத்தாள். தேவைப்படுகிறவர் கைக்குப் பொருள் போய்ச் சேர்வதுதானே கடை.

காரியாபட்டியிலிருந்து அவருடைய பெரியப்பா மகன் மருதுபாண்டி போன் பண்ணினான். "பந்தல்குடி முடிஞ்சதும் நம்ம வீட்டுக்கு அனுப்பி விட்ருங்கக்கா. நம்ம கொடத்த வேற கல்யாணத்துக்குச் செஞ்சிட்டோம்." தூரத்துச் சொந்தக்காரர்கள் சிலர் கடைக்கே வந்து, குடத்தை வீட்டுச் சுவர் மாதிரி தெரியும் ஒரு மூலையில் வைத்து, அண்ணாச்சிக்கு வாட்ஸப்பில் அனுப்பப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தல்குடியில் ஜெகதீஸ்வரன் குடத்தைப் பார்த்துத் திருப்தியாகச் சாப்பிட உட்கார்ந்தார். தங்கலட்சுமி, "இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்கோண்ணே" என்று அவரை எழவிடாமல் பார்த்துக்கொள்ள, அவள் கணவன் கொல்லைப்புறமாகக் குடத்தோடு பஸ் ஏறினான். அண்ணாச்சி காரியாபட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே குடம் அவருக்கு முன்பே வந்து, தண்ணீர் நிரம்பி, பூவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மறுநாள் அவர் கடைக்கு வந்தபோது குடம் திரும்பி வந்து பழைய இடத்திலேயே இருந்தது. குடத்தை விற்கலாம் என்று ஆகிவிட்டதா என்று பார்க்க வந்த குருவம்மாளும் ஓரமாக நின்றாள்.

"எல்லாரும் பொன்னப் போல வச்சிருக்காக" என்றார் பெருமையாக. "தங்கச்சி வீட்டுலயும் சரி, மருது வீட்டுலயும் சரி, ஒரே பளபளப்பு."

"ஒரே பளபளப்பாத்தான் இருந்திருக்கும் அண்ணாச்சி" என்றாள் ராமலட்சுமி, சிரிப்பை மென்றுகொண்டு.

"மிச்சப் பேரும் போட்டோ அனுப்பிட்டாக. அப்ப இது ஆரு வீட்டுது? வானத்துல இருந்தா விழுந்துச்சு? சொல்லு. இல்லன்னா சாவியக் குடு."

சிரிப்பு போய்விட்டது. ராமலட்சுமி கடையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். மடித்து வைத்த சட்டைகள், நாற்காலிகள், தைக்க எடுத்து வைத்த காக்கித் துணி. இன்னொரு இடம் பிடிக்க அவளால் ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து மேலே வைத்தாள்.

"சாவி தாரேன் அண்ணாச்சி. பேரு தர மாட்டேன்."

"அவ தர வேணாம். நான் தாரேன்" என்று படியிலிருந்து குரல் கேட்டது. முருகேஸ்வரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். "நான்தான் குடுத்தேன்."

ஜெகதீஸ்வரனுக்கு முதலில் அர்த்தம் பிடிபடவில்லை. "நம்ம வீட்டுக் கொடமா?"

"நம்ம பரண்ல கெடந்ததுதான். நீங்க வாங்கி அடுக்குறீக, ஏறித் தூசி தொடைக்கிறது நானு. அதுல ஒரு கொடமாச்சும் பொட்டுத் தண்ணி கண்டிருக்கா?"

"என் பேரு வெட்டுன கொடத்த என்னக் கேக்காம..."

"நல்லா எழுத்துக் கூட்டிப் படிங்க. 'ஜெகதீஸ்வரன், முருகேஸ்வரி'ன்னு இருக்கு. நான் என் பாதியக் குடுத்தேன். உங்க பாதி கூடவே போயிருச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?"

குருவம்மாள் அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ராமலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெகதீஸ்வரன் குடத்தை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, முழுவதையும் படித்தார். தன் பேருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் படித்தார் போலிருந்தது.

முடித்ததும் முதலிலிருந்து மறுபடி படித்தார். குருவம்மாளால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது. பஸ்ஸுக்குப் போக வேண்டும். "அண்ணாச்சி, இப்பமாச்சும் இத வாங்கிக்கிடலாமா? நாளைக்குத் தண்ணி வருது" என்றாள். பிறகு தயங்கினாள். "பேரு இருக்கே. ஆராச்சும் இது ஏதுன்னு கேட்டா என்ன சொல்ல?"

அவர் மனைவியைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார்.

"கேட்டா, அருப்புக்கோட்ட அண்ணனும் மதினியும் செஞ்ச மொறைன்னு சொல்லு."

"என்ன விசேசத்துக்குன்னு கேப்பாகளே?"

"தண்ணி வந்ததுக்குன்னு சொல்லு" என்று குடத்தை அவள் கையில் கொடுத்தார்.

குருவம்மாள் ராமலட்சுமியிடம் விலையைக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். இலவசம் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. இதனால் ஜெகதீஸ்வரன் பெரிய மனசுக்காரர் ஆகிவிட்டார் என்று சொன்னால் அது மிகை. வெட்கப்படும்போது கத்தாமல் இருந்தார், அவ்வளவுதான். எல்லோராலும் அது முடிவதில்லை.

மேசைமேல் கிடந்த சாவியை ராமலட்சுமி பக்கம் தள்ளினார். "இத எதுக்கு வெளிய போட்டு வச்சிருக்க? தொலைஞ்சிரப் போகுது."

பிறகு படியேறப் போன முருகேஸ்வரியிடம், கடைக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு கடை முழுக்கக் கேட்கும் குரலில், "பரண்ல இன்னும் எத்தன கெடக்கு?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? வந்து ஏணியப் புடிங்க, ஏறிப் பாத்துச் சொல்லுதேன்."