பின்கதவுச் சாவி

சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டே அதைக் கம்பெனி முழுக்கத் தேடிய முட்டாள் ஒருவன் உண்டு. அது நான்தான்.

எழுபதுகளில் மண்ணூர்பேட்டையில் ஒரு சட்டைக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். நாற்பது பெண்கள் தைக்கும் கட்டம் போட்ட சட்டைகள் கப்பலேறி வெளிநாடு போகும். துணி திருட்டுப் போகும் என்ற பயத்தில் முதலாளி பின்கதவைப் பூட்டிவைக்கச் சொன்னார். வேலை நேரத்தில் பூட்டக் கூடாது என்பது சட்டம். அதனால் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் பூட்டைக் கழற்றி வைப்பேன். அவர் திறந்த கதவைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார். அவர் தலை மறைந்ததும் மறுபடி பூட்டுவேன். இவ்வளவு பெரிய பொறுப்பு எனக்கா என்று ஒரே பெருமை. சாவி தொலையாமலிருக்க அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன்.

ஒரு மத்தியானம் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கங்கு விழுந்து, முன்வாசல் பக்கம் கிடந்த வெட்டுத்துணிக் குவியல் பற்றிக்கொண்டது. புகை வாசலை அடைக்க, பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள்.

"தொற அண்ணாத்தே, தொற."

சட்டைப்பையில் தேடினேன். இழுப்பறையைக் கவிழ்த்தேன். மேசை மேலிருந்த கத்தரிக்கோல், சுத்தியல் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் தேடினேன். டிபன் கேரியரின் மூன்று அடுக்கையும் திறந்து பார்த்தேன். கதவைத் தட்டும் சத்தம் அழுகையாக மாறியது.

நல்லவேளை, இஸ்திரிக்காரர் குடிதண்ணீர் டிரம்மை அப்படியே உருட்டிக் கவிழ்த்துவிட்டார். நெருப்பு அணைந்தது. தலைகளை இரண்டு முறை எண்ணினேன். நாற்பதும் இருந்தன. யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. அப்பாடா என்று தரையில் உட்கார்ந்தேன். இடுப்பில் சாவி குத்தியது.

கதவைத் திறந்ததும் முதல் வேலையாகப் பூட்டையும் சாவியையும் கிணற்றில் போட்டேன். தொலைந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். வேறு வாங்கச் சொன்னார். நான் போகும்போதெல்லாம் பூட்டுக்கடை மூடியே இருந்தது. அதன்பிறகு அந்தக் கதவு பூட்டப்படவே இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்த வீரத்தைக் காலர் தைக்கும் பெண்ணிடம் அளந்தேன். அவள் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்:

"சுத்தியலு உன் கையாண்டயே இருந்துச்சு. ஒரே போடு போட்டா பூட்டு தெறிச்சிருக்கும். எங்க உசுரு போனாலும் மொதலாளி பூட்டு ஒடையக்கூடாதுன்னு சாவி தேடிகினு இருந்தவன்தானே நீ."