வாய் ஊறவைத்த எலுமிச்சம்பழம்

குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, நண்பன் யோகனை மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். இழுத்துப் போனேன் என்பதுதான் சரி.

யோகன் பாரிஸில் ஒரு பிரெஞ்சு ரெஸ்டோரண்டில் சமையல்காரன். பதினெட்டு வருஷ அனுபவம். கொரோனா வந்தது, போனது. போகும்போது அவனுடைய மூக்கையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காப்பி குடித்தால் சுடுதண்ணீர். பிரியாணி சாப்பிட்டால் ஈரப் பஞ்சு. சமையல்காரனுக்கே இப்படி வந்தால்…?

வெளியில் சொல்லாமல் கைப்பழக்கத்தில் சமாளித்தான். ஒருநாள் சூப் இரண்டு முறை திரும்பி வந்தது. தலைமைச் சமையல்காரர் கத்தவில்லை. "கொஞ்ச நாள் பாத்திரம் கழுவு" என்றார். அவ்வளவுதான். தினமும் எலுமிச்சையும் கிராம்பும் முகர்ந்து பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார் டாக்டர். மூன்று வாரத்தில் அதையும் விட்டுவிட்டான்.

பாரிஸ் புறநகரான திரான்சியில் இருக்கும் வீட்டிலிருந்து அவன் மனைவி வசந்தி எனக்கு போன் செய்தாள். "அண்ணை, இவர் கதைக்கிறதே இல்லை. எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ."

மியூசியத்தில் ராஜாக்களையும் தேவதைகளையும் பார்க்காமலே நடந்தான் யோகன். திடீரென்று நின்றான்.

சின்னப் படம். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிளெமிஷ் ஓவியர் – இன்றைய பெல்ஜியம் பக்கத்துக்காரர் – வரைந்தது. ஒரு மேசை. வெள்ளித் தட்டில் திறந்த சிப்பிகள். பாதி வைன் உள்ள கிண்ணம்; அதன் வயிற்றில் குட்டியாக ஒரு ஜன்னல் மின்னுகிறது. ஓரத்தில் பாதி உரித்த எலுமிச்சம்பழம். தோல் சுருள் சுருளாக மேசைக்குக் கீழே தொங்குகிறது.

யோகன் கிட்டத்தட்ட படத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்துவிட்டான். "மிஸ்யூ!" என்று காவலுக்கு நின்ற பெண் அதட்டினாள்.

"அண்ணை, இந்தச் சிப்பி திறந்து பத்து நிமிஷம்கூட ஆகேல்லை. தண்ணி வத்தாமல் கிடக்கு, பாருங்கோ."

"ஓம்."

"தேசிக்காய்த் தோலை ஒரே இழுவையிலை எடுத்திருக்கிறான். நல்ல கூர்க் கத்தி. அந்தச் சுளையைப் பாருங்கோ… புளி…"

சட்டென்று நிறுத்தினான். தொண்டை ஏறி இறங்கியது.

"அண்ணை… எனக்கு வாய் ஊறுது."

சாப்பாட்டைப் பார்த்து அவனுக்கு வாய் ஊறி ஏழு மாதம்! புறங்கையால் உதட்டைத் துடைத்து, அந்த ஈரத்தை என்னிடம் காட்டினான்.

எண்ணெய், சாயம், ஒரு துண்டுப் பலகை. எப்போதோ செத்துப்போன ஒரு மனிதர் வரைந்த பழத்துக்கு, யாழ்ப்பாணத்தான் ஒருவனின் வாயில் இன்று நீர் சுரக்கிறது. இதை என்னவென்று சொல்வது?

"மூக்குத்தான் செத்தது, அண்ணை. உள்ளுக்குள்ளை எல்லாம் அப்பிடியே இருக்கு" என்றான்.

அன்று மாலையே முகரும் பயிற்சியைத் திரும்பத் தொடங்கினான். வாரங்கள் ஓடின. ஒன்றும் நடக்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

போன புதன் காலை போன் வந்தது. பின்னணியில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவின் சந்தடி.

"அண்ணை, மணக்குது! மணக்குது!"

"என்னடாப்பா, தேசிக்காயோ?"

"இல்லை அண்ணை! மீன்கடைக்குப் பின்னாலை நிக்கிறன். மீன் கழுவின தண்ணி!"

சொல்லிவிட்டு அழுதான். மணமும் ருசியும் இன்னும் முழுதாக வரவில்லை. ஆனாலும் திங்கள் முதல் காய்கறி வெட்டும் மேசைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

அந்தப் புதன்கிழமை மீன் நாற்றத்தோடு வீட்டுக்குள் நுழைந்தவனை, வசந்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "முதல்லை போய்க் குளியுங்கோ" என்று விரட்டினாளாம். சட்டையை முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் குளித்தானாம்!